தளர்ச்சியா, சாய்வா? நாட்பட்ட ஹெபடைட்டிஸில் இயற்கைக் கொல்லி செல்கள்

நாட்பட்ட வைரஸ் தொற்றில் எதிர்ப்பணுக்கள் நாளடைவில் சோர்ந்துபோகின்றன என்பது பாடநூல்களில் நிலைபெற்ற கருத்து. டி செல்களைப் பொறுத்தவரை அதற்குச் சான்றுகள் ஏராளம். இயற்கைக் கொல்லி செல்களுக்கும், அதாவது என்கே செல்களுக்கும், அதே விளக்கத்தை நீட்டிக்கும் போக்கு ஆய்வுலகில் உண்டு. ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றுகளில் கிடைத்துள்ள சான்றுகள் அதற்கு முழுமையாக இடம் தரவில்லை. இச்செல்களின் ஆற்றல் ஒட்டுமொத்தமாகக் குன்றுவதில்லை, ஒருபக்கமாகச் சாய்கிறது. சிகிச்சை முயற்சிகளும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரு பணிகள்

1975-ஆம் ஆண்டையொட்டி ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இனங்காணப்பட்ட என்கே செல்கள், இரத்த லிம்ஃபோசைட்டுகளில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு. கல்லீரலிலோ இந்தப் பங்கு 30 முதல் 40 விழுக்காடு வரை உயர்கிறது. இவற்றின் பணி இருவகை. தொற்றுற்ற செல்லை நச்சுப் புரதங்களாலோ, 'டிரெயில்' என்னும் மரணச் சமிக்ஞைப் புரதத்தாலோ கொல்வது ஒன்று. காமா இன்டர்ஃபெரானைச் சுரந்து, செல்லைச் சாகவிடாமலே வைரஸை அடக்குவது மற்றொன்று. கல்லீரலுக்கு இரண்டாவது பணி இன்றியமையாதது. கல்லீரல் செல்களில் பெரும்பகுதியைத் தொற்று பற்றியிருக்கும்போது கொலையை மட்டுமே நம்பினால், வைரஸோடு உறுப்பும் அழியும்.

பணிகள் பிரியும் விதம்

பி, சி ஆகிய இரு தொற்றுகளையும் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு இங்கு அடிப்படையானது. நோயாளிகளின் என்கே செல்களில் கொல்லும் திறன் குன்றவில்லை; காமா இன்டர்ஃபெரான் போன்ற சைட்டோகைன்களின் சுரப்பே குறைந்திருந்தது. விளைவு ஒன்றானாலும் அதற்கான வழிகள் வேறு.

சி வைரஸ் தொற்றிய கல்லீரலில் இன்டர்ஃபெரான் தூண்டல் ஓயாமல் நீடிக்கிறது. ஆல்பா இன்டர்ஃபெரான் வந்து பற்றும்போது என்கே செல்லுக்குள் ஸ்டாட்1, ஸ்டாட்4 என்னும் இரு புரதங்கள் செயல்படக்கூடும். ஸ்டாட்4 காமா இன்டர்ஃபெரான் உற்பத்திக்கு வழிவிடுகிறது. ஸ்டாட்1 கொல்லும் திறனைக் கூட்டுகிறது. தூண்டல் நீளும்போது ஸ்டாட்1-இன் அளவு பெருகி, சமிக்ஞையின் பெரும்பங்கைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இதனால் கொலைத்திறன் கூடுகிறது, காமா இன்டர்ஃபெரான் குறைகிறது. தளர்ந்த செல்லில் இப்படி ஒன்று கூடி மற்றொன்று குறைவதை எதிர்பார்க்க இயலாது.

பி வைரஸ் பொதுவாக இன்டர்ஃபெரானை எழுப்பாமல் பதுங்கியிருப்பது. அங்கே தடை வேறிடத்திலிருந்து வருகிறது: இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா ஆகிய அடக்கும் புரதங்கள். ஆய்வகத்தில் இவ்விரண்டையும் தடுத்தபோது காமா இன்டர்ஃபெரான் சுரப்பு மீண்டதாக 2010-இல் லண்டன் ஆய்வுக்குழு காட்டியது. குறைபாட்டின் கணிசமான பகுதி சூழல் சுமத்தியதே என்று இதிலிருந்து கொள்ளலாம்.

கொலைத்திறனின் இலக்கு

எஞ்சி நிற்கும் கொலைத்திறன் யார்மீது பாய்கிறது? பி தொற்று திடீரெனச் சீறும் காலங்களில் நோயாளிகளைத் தொடர்ந்து பரிசோதித்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆல்பா இன்டர்ஃபெரானும் இன்டர்லூக்கின்-8-உம் என்கே செல்களின் தூண்டலும் கல்லீரல் அழற்சியோடு சேர்ந்தே உயர்ந்தன. என்கே செல்கள் டிரெயிலை ஏந்தின. கல்லீரல் செல்கள் அதை ஏற்கும் மரண ஏற்பியைக் கூடுதலாக வெளிக்காட்டின. 2013-இல் மாலா மைனி தலைமையிலான லண்டன் குழு இன்னொரு இலக்கையும் கண்டது: வைரஸை எதிர்க்கும் டி செல்களும் அதே ஏற்பியைத் தாங்கியிருந்தன. ஆய்வகச் செல் வளர்ப்பிலிருந்து என்கே செல்களை நீக்கியதும் சில நோயாளிகளின் மாதிரிகளில் அந்த டி செல்கள் பெருகின. மறுபுறம், நார்த்திசுவை உண்டாக்கும் ஸ்டெல்லேட் செல்களை என்கே செல்கள் கொல்வது நன்மையே என்று எலி ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, அதே ஆயுதம் நோயாளிக்குக் காப்பாகவும் கேடாகவும் அமைகிறது.

எதிர்வாதம்

2021-ஆம் ஆண்டு ஆய்வொன்று, பி நோயாளிகளின் என்கே செல்களில், தளர்ந்த டி செல்களுக்குரிய மரபணு வெளிப்பாட்டையும் 'டாக்ஸ்' புரதத்தின் மிகுதியையும் பதிவுசெய்தது. இது வலுவான எதிர்ச்சான்று, புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் அந்த மாதிரிகள் இரத்தத்தில் எடுக்கப்பட்டவை. கல்லீரலிலேயே தங்கும் என்கே செல்களின் வகை வேறு, ஏற்பிகள் வேறு. தளர்ச்சியின் மூலக்கூறு அடையாளங்கள் இருப்பதாலேயே செல் எல்லாப் பணிகளையும் இழந்துவிட்டதாக முடிவுகட்ட முடியாது.

சூழல்தான் காரணமென்றால் வைரஸ் நீங்கியதும் எல்லாம் சீராக வேண்டுமே என்றும் கேட்கலாம். சி வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகளால் குணமானவர்களிடம் என்கே செல்களின் செயல்பாடு பெருமளவு இயல்புக்குத் திரும்பியது உண்மை. ஆனால் அவற்றின் பன்மைத்தன்மையில் விழுந்த தடம் வைரஸ் நீங்கிய நெடுநாளுக்குப் பின்னும் பெரும்பாலும் அழியவில்லை என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனவே என் வாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: சாய்வு நெடுங்காலம் நீடித்தால் அதன் ஒரு பகுதி நிலைத்துவிடுகிறது.

முடிவுரை

2022-இல் உலகில் 25.4 கோடிப் பேர் பி தொற்றோடும் 5 கோடிப் பேர் சி தொற்றோடும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பி வைரஸை முற்றாக ஒழிக்கும் மருந்துக்கான தேடலில் என்கே செல்களைத் தூண்டும் உத்திகளும் இடம்பெறுகின்றன. கண்மூடித்தனமாகத் தூண்டினால் ஏற்கெனவே மிகுந்திருக்கும் கொலைத்திறனே வளரக்கூடும். கல்லீரல் செல்களும் பயனுள்ள டி செல்களும் அதற்கு இரையாகலாம். காமா இன்டர்ஃபெரான் சுரப்பை மீட்பது, டிரெயில் வழியைக் கட்டுக்குள் வைப்பது, தடம் ஆழப்படும் முன்பே சிகிச்சையைத் தொடங்குவது ஆகிய மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அத்தகைய சிகிச்சையின் பலனை அளக்க இரத்த மாதிரி மட்டும் போதாது. மெல்லிய ஊசியால் கல்லீரலிலிருந்தே செல்களை எடுத்து ஆராய்வதும் சோதனைத் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.