பாட்டுக்கு ஒரு பெட்டி: சின்னக் கொம்பியூட்டர் தேடப்போன கதை

எங்களிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெட் இருக்கிறது. எங்களில் ஒருத்தரின் சித்தப்பா விட்டுட்டுப் போனது. பாதி கடையில் வாங்கினது, மீதி றேடியோவிலிருந்து பதிஞ்சது, இரண்டு மூன்றில் வீட்டு ஆக்கள் கதைக்கிற சத்தம். போன வருசம் அதையெல்லாம் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கொம்பியூட்டரில் ஏத்தத் தொடங்கினோம். ஏத்தி முடியிற நேரம்தான் கேள்வி வந்தது: இதை எங்கே வைச்சு, எப்படி எல்லாரும் கேக்கிறது?

மாசக்காசு கட்டிப் பாட்டுக் கேக்கிற செயலிகளை நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் அதில் சேர்த்து வைச்ச பட்டியலில் ஒரு நாள் ஏழெட்டுப் பாட்டு சாம்பல் நிறமாகிக் கிடந்தது. உரிமை முடிஞ்சுதாம். சித்தப்பாவின் கசெட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது. வீட்டிலேயே ஒரு சேர்வர் வைப்பம் எண்டு முடிவெடுத்தோம். எந்தக் கொம்பியூட்டர் எண்டதில்தான் ஆளுக்கொரு கட்சி. அந்தச் சண்டைக்கு ஆதாரம் தேடப்போய், இருபத்தைந்து வருச வரலாறு ஒன்று கையில் அகப்பட்டது.

எம்.பி.3 எண்ட பெயரை ஜேர்மனியின் ஃபிரௌன்ஹோபர் ஆய்வாளர்கள் 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள். 1999இல் நாப்ஸ்டர் வந்தது. இரண்டே வருசத்தில் அதை மூடவைத்தார்கள். ஆனால் அதுக்குள் ஆயிரக்கணக்கான பாட்டுகள் ஆக்களின் கொம்பியூட்டரில் குவிஞ்சு போயிருந்தன. கொம்பியூட்டர் இருந்தது அறைக்குள், நல்ல ஸ்பீக்கர் இருந்தது ஹோலில். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்லிம் டிவைசஸ் எண்ட சின்ன அமெரிக்கக் கொம்பனி 2001இல் ஸ்லிம்ப்3 எண்ட பெட்டியை விட்டது. அதுக்குள் ஹார்ட் டிஸ்க் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு வயர், ஒரு திரை, அவ்வளவுதான். அறைக்குள் இருக்கிற கொம்பியூட்டரில் ஓடுகிற சேர்வர் பாட்டை அனுப்பும், பெட்டி வாங்கி ஒலிக்கும். மூளை ஓரிடம், வாய் வேறிடம்.

அந்த சேர்வர் மென்பொருளை அவர்கள் திறந்த மூலமாக விட்டார்கள். எங்களுக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாகப் படுகிற முடிவு இதுதான். 2003இல் ஸ்குவீஸ்பொக்ஸ் எண்ட பெயரில் வைஃபை உள்ள பெட்டி வந்தது. 2006இல் லொஜிடெக் கொம்பனியை வாங்கியது. 2012இல் பெட்டிகளின் உற்பத்தியையே நிப்பாட்டியது. வழமையாக இந்த இடத்தில் சாமான் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் நிரல் எல்லாரின் கையிலும் இருந்ததால், பாவனையாளர்களே அதைப் பிழைபார்த்து, திருத்தி ஓட்டினார்கள். 2024இல் லொஜிடெக் தன் இணையச் சேவையையும் மூடியது. அதே வருசம் சேர்வருக்கு லிரியன் எண்டு புதுப் பெயர் வந்தது. இருபது வருசப் பழசான பெட்டிகள் இன்றைக்கும் வீட்டு சேர்வரோடு பாடுகின்றன.

சரி, அந்த 'அறைக்குள் இருக்கிற கொம்பியூட்டர்' எது? முதலில் அது பெரிய டவர்தான். பாட்டுக் கேக்க வேணுமெண்டால் விசிறி இரையிற பெட்டி ஒன்றை இரவுபகலாக ஓட விடவேணும். 60 வாட் எண்டு வைத்தாலும் மாசம் 43 யூனிட். எங்கட ஊர் கரண்ட் பில்லில் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பிரிவே மாறும் எண்டது அம்மாக்களிடம் கேட்டால் தெரியும்.

வெளிநாட்டுப் பெடியளுக்கும் இதே பிரச்சினைதான். 2004இல் லிங்சிஸ் விட்ட என்.எஸ்.எல்.யூ.2 எண்ட உள்ளங்கையளவுப் பெட்டி அவர்களுக்கு ஒரு வழி காட்டியது. யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கை நெட்வேர்க்கில் தொடுக்கிறதுக்காகச் செய்த சாமான் அது. உள்ளே லினக்ஸ் ஓடினது, அந்த உரிமத்தின்படி நிரலை வெளியிடவேண்டி வந்தது. பிறகென்ன, பெட்டியைத் திறந்து உள்ளே பூந்துவிட்டார்கள். 266 மெகாஹேர்ட்ஸில் ஓடக்கூடிய சிப்பை 133இல் மட்டுமே ஓடவிட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு குட்டி ரெசிஸ்டரைக் கழற்றினால் வேகம் இரட்டிப்பு! நினைவகம் வெறும் 32 மெகாபைட். அதிலே பாட்டு சேர்வரை ஏத்தினார்கள். மெதுவாக, சத்தமே இல்லாமல், ஆனால் பாடியது. 'ஸ்லக்' எண்டு அதுக்குச் செல்லப் பெயர், ஓடில்லா நத்தை.

அந்த நத்தையிலிருந்து நாங்கள் ஒன்று படிச்சோம். பாட்டை அனுப்புறது கொம்பியூட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. சீடி தரத்தில், சுருக்காமல் அனுப்பினாலும் செக்கனுக்கு 1.4 மெகாபிட்தான். கஷ்டமான வேலை இரண்டு: முழுச் சேகரிப்பையும் அலசிப் பட்டியல் போடுறது, வெளியில் போன் டேட்டாவில் கேக்கிற ஆளுக்காக ஃப்ளாக் கோப்பை அந்தக் கணத்திலேயே சுருக்கி அனுப்புறது. கடைக்காரர் சொல்லுற வேகக் கணக்கில் பெரும்பகுதி பாட்டுக்குத் தேவையில்லாதது.

2009இல் ஷீவாபிளக், சுவர்ப் பிளக்கில் செருகிற கொம்பியூட்டர், 99 டொலர். அது அதிகம் பரவவில்லை. 2012 பெப்ரவரி 29இல் ராஸ்பெரி பை வந்தது. 35 டொலர், பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகட்டும் எண்டு பிரித்தானியாவில் செய்தது. வாங்கினவர்களில் கனபேர் பிள்ளைகள் இல்லை. அதன் காதுக்குழியில் வருகிற சத்தம் தரமில்லை. அதுக்காகத் தனி ஒலிப் பலகைகள் செய்து விற்கவே கொம்பனிகள் முளைத்தன. 2019இல் வந்த பை 4, யூ.எஸ்.பி. 3உம் முழுவேக நெட்வேர்க்கும் கொண்டது, சேர்வருக்குத் தாராளம். ஐந்து வாட் எண்டால் மாசம் நாலு யூனிட்டும் வராது. எங்களில் இரண்டு பேர் இதுக்குத்தான் கொடி பிடித்தார்கள்.

ஆனால் 2021இலிருந்து சிப் தட்டுப்பாடு. பை கிடைக்கவில்லை, கிடைத்தால் இரட்டிப்பு விலை. எங்கட நாட்டில் அடுத்த வருசம் டொலரே இல்லாமல் போச்சு. அந்தத் தட்டுப்பாட்டில்தான் வெளியிலே கனபேரின் பார்வை கழிச்சுவிட்ட ஒபிஸ் மினி கொம்பியூட்டர்கள் பக்கம் திரும்பியது. லெனோவோ, டெல், எச்.பி. மூன்றும் விற்கிற, ஒரு லீட்டர் அளவுப் பெட்டிகள். சும்மா இருக்கேக்க பத்து வாட் அளவில்தான் குடிக்கும். பிறகு 2023இல் இன்டெல் என்100 சிப்போடு மலிவான புது மினிகளும் வந்தன.

விலையும் வேகமும் பார்த்து முடிஞ்ச பிறகுதான் ஒருத்தர் கேட்டார்: 'கரண்ட் போனால்?'

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை எங்களில் யாரும் மறக்கவில்லை. எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு அது பெரிய விசயமே இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, பற்றரிக்கும் தடை இருந்த நாட்களில், சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோவும் கசெட்டும் கேட்டவர்கள் அவர்கள். பெட்டியில் உள்ள கசெட்டுகளில் சில அப்படி ஓடினவைதான். சுத்துறவர் களைச்சால் பாட்டும் இழுபடுமாம்.

பை கட்சி தோற்றது இந்தக் கேள்வியில். எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் எஸ்.டி. அட்டை கெட்டுப்போகக்கூடும். அதுக்கு எஸ்.எஸ்.டி. தனியாக, பற்றரி தனியாக வாங்கவேணும். மினிக்கும் யூ.பி.எஸ். வேணும். மூலையில் கிடந்தது திரை உடைஞ்ச ஒரு லப்டொப். அதுக்குள்ளேயே பற்றரி இருக்கிறது, அளந்து பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம் தாங்குது. 12 வாட் அளவுதான் இழுக்குது. வீங்கின பற்றரி எண்டால் பாவிக்கவே கூடாது, அதையும் திறந்து பார்த்துத்தான் முடிவெடுத்தோம். செலவு ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் எண்டு நினைச்சோம். முதல் தரம் கரண்ட் போனபோது சேர்வர் உயிரோடு இருந்தது, ரௌட்டர் செத்துப் போச்சு. ஒருத்தரின் போனும் சேராது. பிறகு ரௌட்டருக்கு ஒரு குட்டி யூ.பி.எஸ். வாங்கினோம்.

மென்பொருளுக்கு நவிட்ரோம். அதுக்கும் ஒரு முன்கதை: சப்சொனிக் எண்ட சேர்வர் 2016இல் நிரலை மூடிக்கொண்டது. அதுவரை திறந்திருந்த நிரலிலிருந்து மற்றவர்கள் கிளை பிரித்து ஓட்டினார்கள். சப்சொனிக் போட்ட பேச்சுமுறையைத்தான் நவிட்ரோம் உட்படப் பல சேர்வர்களும் போன் செயலிகளும் இன்னும் பேசுகின்றன. கொம்பனி கதவைச் சாத்தினாலும் பாஷை வெளியிலே நின்றுவிட்டது.

கோப்புகளின் பிரதி ஒன்று வேறொருத்தர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பாட்டுகள் எல்லாம் ஏறிவிட்டன. வீட்டுக் குரல்கள் உள்ள கசெட் மட்டும் இன்னும் இல்லை. சேர்வர் எல்லாத்தையும் கலைஞர் பெயர், தொகுப்புப் பெயர் வைத்துத்தான் அடுக்கும். அந்த ஒலிப்பதிவில் யாரோ ஒரு பிள்ளையை அதட்டுகிறார், பின்னால் ஒரு கிழவி சிரிக்கிறார். அது யார் யார் எண்டு சித்தியிடம் கேட்டு எழுதவேணும். வாற ஞாயிறு போகிறோம்.