காயமுற்ற வீரரும் பேணுவோரின் வேலையும்: வங்காள வரலாற்றில் ஓர் இடைவெளி

போரில் காயமுற்ற வீரருக்கு அரசு செய்ய வேண்டியது என்ன என்னும் கேள்விக்கு வங்காளத்தில் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. ஆனால் அவரைப் பேணுவதற்காக வேலைக்குச் செல்லாமல் நின்ற மனைவிக்கோ தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ அவ்வேலையைக் காத்துத் தருவது யார் என்னும் கேள்வி இன்றளவும் சட்டமாக உருப்பெறவில்லை. கொல்கத்தாவின் படைத்துறை வரலாற்றையும் தொழிலாளர் வரலாற்றையும் இணைத்து நோக்கும்போது இந்த இடைவெளி தோன்றிய விதம் புலப்படுகிறது.

நவாப் மீர் ஜாபர் விட்டுச்சென்ற 5 லட்சம் ரூபாயைக் கொண்டு ராபர்ட் கிளைவ் 1770இல் நிறுவிய நிதி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி உடல் நலிந்த ஐரோப்பியருக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் உரியதாக இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கோ, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகல்பூர் முதலிய பீகார் மாவட்டங்களில் ‘இன்வேலிட் தாணா’ எனப்பட்ட குடியிருப்புகளில் நிலம் வழங்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில், உழைப்பும் பராமரிப்பும் ஒரே வீட்டைச் சார்ந்து நடந்தமையால், முடமான சிப்பாயைக் கவனிப்பதற்காகக் குடும்பத்தார் வேறொருவரிடம் விடுப்புக் கேட்க வேண்டிய நிலை எழவில்லை.

இந்நிலையை மாற்றியது ஆலைக்கூலி. ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை தொடங்கப்பட்ட பின், ஹூக்ளிக் கரையெங்கும் பெருகிய ஆலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். கம்பெனிப் படைக்கு முன்பு சிப்பாய்களை அனுப்பிய போஜ்பூர்ப் பகுதியும் அவற்றுள் அடங்கும். வீட்டில் நோயாளியைப் பார்க்க ஊர் சென்றவரின் இடத்தில் ‘பத்லி’, அதாவது மாற்றாள், அமர்த்தப்பட்டார்; திரும்பி வந்தவர் பழைய இடத்தைப் பெறுவதற்கு, ஆட்களைச் சேர்க்கும் சர்தாருக்குக் கையூட்டுக் கொடுத்துக் காத்திருக்க நேர்ந்தது. 1929இல் அமைக்கப்பட்ட விட்லி தொழிலாளர் ஆணையம், தொழிலாளர் குறித்த கால விடுப்புக் கேட்டுச் செல்லவும், உரிய நாளில் திரும்பினால் பழைய வேலையே கிடைக்கும் என்ற உறுதியைப் பெறவும் வேண்டும் என்று 1931இல் பரிந்துரைத்தது. வேலைப் பாதுகாப்புடன் கூடிய விடுப்பு என்னும் கருத்து இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தெளிவாக வெளிப்பட்ட தருணங்களுள் இது முதன்மையானது.

விடுதலைக்குப் பின் அந்த உறுதியை முழுமையாகப் பெற்றவர் படைக்குச் செல்பவரே. வேறு தொழிலில் இருந்துகொண்டே தேவையானபோது படைப்பணி செய்யும் குடிமக்களைக் கொண்ட பிராந்தியப் படையை, மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக இருந்து பின்னர்த் தலைமை ஆளுநரான ராஜாஜி, 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தார். படைப்பணி முடித்துத் திரும்புபவரை மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்று அப்படைக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஊனமுற்ற வீரருக்கு ஓய்வூதியமும், முழு ஊனம் அடைந்து பிறர் துணையின்றி வாழ இயலாதவருக்கு இடையறாப் பராமரிப்புப் படியும் ஏற்பட்டன. ஆயினும் இவை வீரரின் பெயரில் வரும் பணமேயன்றி, பேணுபவரின் வேலைக்குக் காப்பல்ல.

கிழக்குப் படைத் தலைமையகம் லக்னோவிலிருந்து கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக்கு 1963இல் வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மேற்கு வங்கக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், ஊழியருக்கு ஆண்டுதோறும் 14 நாள் சம்பள விடுப்பும், 14 நாள் அரைச்சம்பள நோய் விடுப்பும், 10 நாள் தற்செயல் விடுப்பும் அளித்தது. நோய் விடுப்பு ஊழியரின் சொந்த நோய்க்கே உரியதாகையால், அலிப்பூரிலுள்ள படைத்துறை மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடக்கும் மகனுக்குத் துணையிருக்கும் கடை ஊழியருக்கு எஞ்சுவது சில வாரங்களே. குழந்தையைப் பராமரிக்க 730 நாள் விடுப்பை மத்திய அரசு தன் பெண் ஊழியருக்கு 2008இல் வழங்கியது. வளர்ந்த மகனோ கணவனோ அப்போது அதில் அடங்கவில்லை.

அதே 2008இல் அமெரிக்கா, 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கடுமையாகக் காயமுற்ற படைவீரரைப் பேணும் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு ஒரே ஆண்டில் 26 வாரம் வரை விடுப்பு அளித்தது. சம்பளம் இல்லையெனினும் வேலை காக்கப்படுவது அதன் சாரம். இந்தியா இதற்கெனப் புதிய கோட்பாடு எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை. படைக்குச் செல்பவரின் வேலையைக் காக்கும் கடமையை 1948ஆம் ஆண்டுச் சட்டமும், ஊருக்குச் செல்பவரின் வேலையைக் காக்கும் தேவையை விட்லி ஆணையமும் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டன. காயத்தின் சுமையைச் சுமக்கும் குடும்பத்தாருக்கும் அவ்விரண்டையும் விரிப்பதே நாடு தீர்க்க வேண்டிய கடன்.