பழைய ஹாலின் ஓசைகள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ‘பழைய ஹால்’ என்று வழங்கும் அறை 1928இல் எழுந்தது. ஒரு பக்கம் சோபா. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரமணர் பகலில் அமர்ந்ததும் இரவில் சாய்ந்ததும் அதில்தான். எதிரே தரையில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இரவில் தொண்டர்கள் அங்கேயே துண்டை விரித்துப் படுத்தார்கள். ரமணரைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934இல் வெளிவந்த பிறகு, இந்த அறை உலகெங்கும் மௌனத்துக்குப் பேர்பெற்றது. அந்தப் பேர் பாதிதான் பொருந்தும். பலர் ஒன்றாகப் புழங்கிய அறைக்கு உரிய சந்தடியெல்லாம் அங்கே இருந்தது.

அதற்குச் சாட்சி அங்கேயே எழுதப்பட்ட பதிவுகள். முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை உரையாடல்களைக் குறித்துவைத்தார். தேவராஜ முதலியார் 1945இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். அதே காலத்தில் சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்கள் எழுதினார். மூவரும் பிடிக்க முயன்றது பேச்சைத்தான். ஆனால் பேச்சுக்கு இடையே அறையின் மற்ற ஓசைகளும் ஆங்காங்கே பதிவாகிவிட்டன.

ஹாலுக்கு முந்தைய இருப்பிடங்களுக்கும் தனித்தனி ஓசைகள் உண்டு. 1896 செப்டம்பர் 1 அன்று இளைஞராக ஊருக்கு வந்த ரமணர், அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்து தொல்லை கொடுக்கவே, அங்கேயே நிலவறையில் இருந்த பாதாளலிங்கத்தின் இருட்டுக்குள் இறங்கினார். 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகை. அங்கிருந்து பிச்சைக்குப் புறப்படும் சாதுக்கள் கிளம்பும்போது ஒரு சங்கு, இறங்கும் வழியில் ஒரு சங்கு, தெருமுனையில் ஒரு சங்கு ஊதுவார்கள். சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் சோற்றை எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள். இதைப் பார்த்த வேறு சிலரும் குகையின் பேரைச் சொல்லிப் பிச்சை வாங்கத் தொடங்கினார்கள். அடையாளத்துக்குத் தனிப்பாட்டு வேண்டும் என்று அடியார்கள் கேட்க, ரமணர் இயற்றியது 108 கண்ணிகள் கொண்ட அக்ஷரமணமாலை. இன்று பக்தி நூலாக ஓதப்படும் அது, முதலில் தெருவில் ஆளை அடையாளம் காட்டிய குரல்.

தாய் அழகம்மாள் 1922 மே 19இல் மறைந்து மலையடிவாரத்தில் சமாதி வைக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் ரமணரும் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது இருந்தவை கூரைக் கொட்டகைகள்தான். 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் வந்து, துப்பாக்கி இருப்பதுபோல் மிரட்டப் பட்டாசு வெடித்து, சன்னல்களை உடைத்து, உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள்.

ஹால் கட்டிய பின் ஓசைகளுக்கு ஒரு கால ஒழுங்கு வந்தது. விடிவதற்கு முன் அடுக்களையில் கத்தி ஓடும். ரமணர் தாமே உட்கார்ந்து காய் நறுக்குவார். காலையும் மாலையும் ஹாலில் வேதபாராயணம். அது தொடங்கியதும் அவர் நிமிர்ந்து உட்காருவார். முகம் மாறிவிடும் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிராமணரல்லாதாரும் பெண்களும் உடனிருந்து கேட்டார்கள் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. பொருள் தெரிந்துதான் கேட்க வேண்டும் என்று ரமணர் வற்புறுத்தவில்லை. ஓசையே மனம் நிற்கத் துணை என்பது அவர் கருத்து. இத்துடன் தமிழ்ப் பாராயணமும் உண்டு. உணவு வேளைக்கு மணி அடிக்கும்.

இடைப்பட்ட நேரத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் எல்லாம் கலந்து கேட்கும். யாரோ கேள்வி கேட்பார், இன்னொருவர் மொழிபெயர்ப்பார், பதில் வராமலும் போகும். சோபாவில் அணில்கள் ஏறி ஓட, ரமணர் பருப்பு கொடுப்பார். 1926இல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு நேரே ஹாலுக்குள் நுழைந்து அவர் காலருகே தலையை வைக்கும். 1947இல் பரோடா மகாராணி அனுப்பிய வெள்ளை மயிலும் ஹாலைச் சுற்றியே திரிந்தது. நாற்பதுகளில் வானொலிப் பெட்டியும் வந்தது. மௌன குரு என்று பேர்பெற்றவரின் அறையில் வானொலியா என்று சிலருக்கு உறுத்தியிருக்கலாம்; அவரோ, உள்ளே ஆள் இல்லாமலே பேசியும் பாடியும் வந்த அந்தப் பெட்டியையே வேதாந்த உதாரணமாக்கிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் நீண்டது உளிச் சத்தம். தாயின் சமாதிமேல் கற்கோயில் கட்ட 1939 செப்டம்பர் 1இல் அடிக்கல் நாட்டினார்கள். வைத்தியநாத ஸ்தபதி பொறுப்பேற்றார். குடமுழுக்கு நடந்தது 1949 மார்ச் 17இல். ஹாலின் கடைசிப் பத்தாண்டுத் தியானம் ஏறக்குறைய முழுவதும் கல்லுடைக்கும் ஓசையின் பக்கத்தில் நடந்தது என்பதை, ஹாலின் மௌனத்தைப் புகழ்ந்து எழுதியவர்களில் பலர் விட்டுவிட்டார்கள்.

கட்டுப்பாடுகள் மெல்ல வந்தன. ரமணர் ஓய்வெடுக்கட்டும் என்று நிர்வாகம் மதியம் இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே வரக்கூடாது என்றது. தடை மற்றவர்களுக்குத்தானே, எனக்கில்லையே என்று அவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். 1949இல் கோயிலோடு கட்டிய புதிய ஹாலுக்கு அவர் மாற்றப்பட்டார். கையில் தோன்றிய கட்டி வளர்ந்து உடல் தளர்ந்தபோது சிறிய தனியறைக்குப் போனார். 1950 ஏப்ரல் 14 இரவு 8:47க்கு அவர் மறைந்த வேளையில், வெளியே கூடியிருந்தவர்கள் பாடிக்கொண்டிருந்தது அக்ஷரமணமாலை.

அதற்குப் பின் பழைய ஹால் தியானத்துக்கு மட்டும் என்றானது. பேசக்கூடாது என்பது விதி. வேதபாராயணமும் தமிழ்ப் பாராயணமும் சமாதி மண்டபத்துக்கு இடம் பெயர்ந்து இன்றும் நாள்தோறும் நடக்கின்றன. ஜட்கா வண்டிகள் வந்துபோன செங்கம் சாலையில் இப்போது பேருந்து ஹாரன். பௌர்ணமி இரவுகளில் கிரிவலக் கூட்டத்தின் ஒலிபெருக்கி. மயில்களும் குரங்குகளும் அன்றுபோலவே கத்துகின்றன.