சீசன் டிக்கெட்டும் தாமத இழப்பீடும்: நாஞ்சில் நாட்டுப் பயணியை முன்வைத்து

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்ந்தது. அதன் ரயில் நிர்வாகம் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான். பலருக்கு வேலையும் திருவனந்தபுரத்தில்தான். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 71 கிலோமீட்டர். 1979இல் திறந்த இப்பாதை ஒற்றைத் தடமாகப் போடப்பட்டது. இரணியலிலோ குழித்துறையிலோ 'கிராஸிங்' என்று வண்டியை நிறுத்திவிட்டால், சீசன் டிக்கெட்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த சீசனுக்கான பணத்தை அலுவலகம் தருகிறது என்று கொள்வோம். தாமதத்துக்கு இழப்பீடு உண்டென்றால் அது யாருக்குச் சேரும்?

காசு கொடுத்தவருக்கு என்பார்கள். அந்த விடை பாதிதான் சரி. இழப்பீடு என்று ஒரே சொல்லால் சுட்டினாலும் அதற்குள் குறைந்தது மூன்று கணக்குகள் உள்ளன: கட்டணம், கூடுதல் செலவு, போன நேரமும் பட்ட அலைச்சலும். அஜ்மீர்–ஜம்மு விரைவு வண்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதித்ததால் விமானத்தைத் தவறவிட்ட சஞ்சய் சுக்லா வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தொகையில் டாக்ஸிக்கு 15,000 ரூபாய் தனித் தலைப்பு, மன உளைச்சல் தனித் தலைப்பு. அந்த டாக்ஸிக்கு ஒரு நிறுவனம் பணம் கொடுத்திருந்தால் முதல் தலைப்பை அது கேட்கலாம். மன உளைச்சலை எப்படிக் கேட்கும்?

பணம் கொடுக்காத பயணிக்கு வழக்காடும் உரிமையே உண்டா என்பது அடுத்த ஐயம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையை அமர்த்தியவரோடு அவர் ஒப்புதலுடன் பயன்பெறுபவரையும் நுகர்வோர் என்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கு (1995) நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பணி நிபந்தனையின்படி ஊழியரின் மருத்துவச் செலவை முதலாளி ஏற்றால், அது இலவசச் சேவை ஆகாது என்றது அத்தீர்ப்பு. மருத்துவமனைக்குப் பொருந்துவது ரயில் பெட்டிக்கும் பொருந்த வேண்டும். ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் (1998) பணம் கட்டிய பெற்றோரும் சிகிச்சை பெற்ற குழந்தையும் தனித்தனியே நுகர்வோராகி, அவரவர் இழப்புக்கு அவரவர் தொகை பெற்றனர். ஆகவே இருவர் கேட்டாலே அது இரட்டை வசூல் என்ற அச்சம் வேண்டாம். ஒரே இழப்பை இருமுறை கேட்டால்தான் இரட்டை வசூல்.

முதலாளி தரப்பின் வலுவான சான்று ஐரோப்பாவில் இருக்கிறது. லித்துவேனிய அரசு அமைப்பொன்று தன் அலுவலர் இருவரை பாகுவுக்கு விமானத்தில் அனுப்பியது. தாமதத்தால் அவர்களுக்குக் கூடுதல் தினப்படி தர நேர்ந்தது. அந்தச் செலவை ஏர்பால்டிக் நிறுவனத்திடம் முதலாளியே கேட்கலாம் என 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்புத்தான், ஆனால் அது அலுவல் பயணம். அங்கே காத்திருந்த நேரத்துக்கு அமைப்பு காசு கொடுத்தது. தினசரிப் போக்குவரத்தில் நிலைமை தலைகீழ். குழித்துறையில் நிற்கும் அரை மணிக்கு எந்த அலுவலகமும் படி தருவதில்லை. மத்திய அரசு அலுவலக விதிப்படி, மாதம் இருமுறை ஒரு மணி நேரம் வரையிலான தாமதத்தை மன்னிக்கலாம். அதைத் தாண்டினால் அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும். டிக்கெட் அலுவலகத்துடையது, கழியும் விடுப்பு ஊழியருடையது! இழப்பீட்டில் பெரும்பங்கு அவருக்கே என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கட்டணத்தை வேறொருவர் தருவது பேருந்திலும் உண்டு: 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அவர்களுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. பணம் தந்தவருக்கே உரிமை என்றால், நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் வராத பேருந்துக்காக நிற்கும் பெண்ணின் பொழுது அரசுக்குச் சொந்தமாகிவிடும். அதே பேருந்தில் ஆண்கள் கட்டணம் செலுத்துவதால், சிலர் பணம் கட்டும் இடத்தில் இலவசமாகச் சேவை பெறுபவரும் நுகர்வோரே என்ற சாந்தா தீர்ப்பின் தர்க்கம் அவளையும் நுகர்வோர் ஆக்குகிறது என்பது என் வாசிப்பு.

முதலாளிக்கு எஞ்சுவது கட்டணக் கணக்கு. முன்பதிவு டிக்கெட்டில், வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதித்து, பயணி ஏறாமல் அது புறப்படும் முன் டிக்கெட்டை ஒப்படைத்தால் முழுக் கட்டணம் திரும்பும் என்கின்றன 2015ஆம் ஆண்டின் ரயில்வே விதிகள். பில்லைக் காட்டிப் பணம் வாங்கிய ஊழியர் அதை அலுவலகத்துக்குத் திருப்ப வேண்டும். செலவு கூடினாலும் குறைந்தாலும் மாறாத போக்குவரத்துப் படி வாங்குபவருக்கு அந்தக் கடப்பாடும் இல்லை. படி கைக்கு வந்த பிறகு அவர் வாங்கும் சீசன் அவருடைய காசுதான்.