கையெழுத்தில்லாத ஆவணங்கள்: கோ. பார்த்தசாரதியின் தூதுப்பணி (1955–1984)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியத் தூதர் கோபாலசுவாமி பார்த்தசாரதி (1912–1995) இலங்கை இனப்பிரச்சினையில் ஆற்றிய பணி, பெரும்பாலும் 1983-ஆம் ஆண்டு நிகழ்வுகளோடு மட்டும் இணைத்துப் பேசப்படுகிறது. வியட்நாமிலும் காஷ்மீர் தொடர்பான பேச்சுகளிலும் அவர் பெற்ற பட்டறிவின் பின்புலத்தில் ‘இணைப்பு சி’ ஆவணத்தை இக்கட்டுரை வாசிக்கிறது.

திறவுச்சொற்கள்: பார்த்தசாரதி, இணைப்பு சி, காஷ்மீர் உடன்பாடு, சர்வகட்சி மாநாடு, அதிகாரப் பகிர்வு.

இதழியலிலிருந்து தூதுப்பணிக்கு

பார்த்தசாரதி இந்திய வெளியுறவுப் பணியில் படிப்படியாக உயர்ந்தவர் அல்லர். சென்னையிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று, ‘தி இந்து’ நாளிதழிலும் பின்னர் பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா செய்தி நிறுவனத்திலும் பணியாற்றியபின் நேருவால் தூதுப்பணிக்கு அழைக்கப்பட்டவர். அவருடைய தந்தை ந. கோபாலசுவாமி அய்யங்கார், 1937 முதல் 1943 வரை ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்தார். 1948 சனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குச் சென்ற இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1949 அக்டோபர் 17 அன்று, பின்னர் 370 என எண்ணிடப்பட்ட உறுப்பினை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் அதே உறுப்பின் எல்லைகளைப் பேசி முடிவுசெய்யும் பொறுப்பு மகனிடம் வந்து சேர்ந்தது. இதனைக் குடும்ப மரபு என்று மட்டும் கொள்வது போதாது. ஓர் ஒன்றியத்துக்குள் ஒரு பகுதிக்குத் தனித்த தகுதி வழங்குவது எவ்வாறு என்ற வினாவுக்குச் சட்டமொழியில் விடை தேடும் பயிற்சி அவருக்கு இளமையிலேயே அணுக்கமாக இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

வியட்நாம்: பிறர் ஒப்பாத உடன்பாட்டின் காவலர்

1954 சூலையில் ஜெனீவாவில் உருவான ஏற்பாட்டின்படி, வியட்நாமில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து ஆகிய மூன்று நாடுகளின் ஆணையம் அமைந்தது. தலைமை இந்தியாவிடம் இருந்தது. 1955–56-இல் அப்பொறுப்பை வகித்தவர் பார்த்தசாரதி.

போர்நிறுத்த உடன்படிக்கையில் பிரெஞ்சுப் படைத்தலைமையும் வியட்நாம் மக்கள் படைத்தலைமையும் கையெழுத்திட்டிருந்தன. நாட்டை ஒன்றிணைக்க 1956 சூலையில் பொதுத்தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்ற விதியோ, எவரும் கையெழுத்திடாத இறுதி அறிக்கையில் இடம்பெற்றிருந்தது. தெற்கு வியட்நாம் அரசு அதற்குத் தான் கட்டுப்படவில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. 1956 ஏப்ரலில் பிரெஞ்சுப் படைகள் வெளியேறியபின், தெற்கில் உடன்படிக்கைக்குப் பொறுப்பேற்கக் கையெழுத்திட்ட தரப்பு என ஒன்று இல்லாமற்போனது. தேர்தல் நடைபெறவில்லை. ஆணையம் அறிக்கைகள் எழுதலாம், மீறல்களைப் பதிவு செய்யலாம். அதற்கு மேல் அதனிடம் ஆற்றல் இல்லை.

அதன்பின் இந்தோனேசியா, சீனா (1958–61), பாகிஸ்தான் (1962–65), ஐ.நா. நிரந்தரப் பிரதிநிதி (1965–69) என அவருடைய பணி தொடர்ந்தது. பீக்கிங்கில் இருந்த காலத்தில்தான் திபெத் எழுச்சியும் லோங்ஜு, கொங்கா கணவாய் மோதல்களும் நிகழ்ந்தன. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை. இங்கு ஒன்றை மட்டும் சுட்டலாம்: 1964 மே மாதத்தில், சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட சேக் அப்துல்லாவுடன் நேருவின் சார்பில் பேசிய சிலருள் பார்த்தசாரதியும் ஒருவர். அப்துல்லா பாகிஸ்தான் சென்றிருந்தபோது, மே 27 அன்று நேரு மறைந்தார்; அம்முயற்சியும் அத்துடன் நின்றது.

1974: கருத்து வேறுபாட்டையும் எழுதிய ஆவணம்

1969 முதல் 1974 வரை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த காலத்திலேயே, அப்துல்லாவின் பிரதிநிதி மிர்சா அப்சல் பெக்குடன் இந்திரா காந்தியின் சார்பில் அவர் பேச்சு நடத்தத் தொடங்கிவிட்டார். 1953 ஆகஸ்ட் 9-க்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அப்துல்லாவின் கோரிக்கை. தில்லி அதற்கு இணங்கவில்லை. 1974 நவம்பர் 13 அன்று பெக்கும் பார்த்தசாரதியும் கையெழுத்திட்ட ‘ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவுகள்’, மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான உறவு 370-ஆம் உறுப்பின்படியே தொடரும் என்றும், எஞ்சிய சட்டமியற்றும் அதிகாரங்கள் மாநிலத்துக்கு உரியவை என்றும் கூறின. ஆனால், மாற்றமின்றி அம்மாநிலத்துக்கு ஏற்கெனவே பொருத்தப்பட்ட அரசியலமைப்பு விதிகள் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவை ஆயின. இந்த ஒரு விதியால் தராசு தில்லியின் பக்கம் சாய்ந்தது.

இவ்வாவணத்தின் கடைசிப் பகுதி தனிக் கவனத்துக்குரியது. ஆளுநர், முதலமைச்சர் ஆகிய பதவிப் பெயர்களைப் பற்றி உடன்பாடு எட்டப்படவில்லை என்றும், அது தலைவர்களின் முடிவுக்கு அனுப்பப்படுகிறது என்றும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. தீராததை மூடிமறைக்காமல் ஆவணத்துக்குள்ளேயே பதிவு செய்த இம்முறையை பார்த்தசாரதியின் பேச்சுக்கலையின் உச்சம் எனலாம். 1975 பிப்ரவரியில் உடன்பாடு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது, அப்துல்லா முதலமைச்சரானார்.

இணைப்பு சி

1983 சூலை வன்முறைக்குப் பின் இந்திரா காந்தி தம் சிறப்புத் தூதராக அவரைக் கொழும்புக்கு அனுப்பினார். காஷ்மீரில் அவர் ஒரு தரப்பின் பிரதிநிதி, இங்கோ நடுவர். எதிரெதிர்த் தரப்புகளின் நிலையும் வேறு. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்தது. அதன்படி உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். ஆக, ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவுடன் நேருக்கு நேர் அமர்ந்து பேசும் சட்டமன்றத் தகுதி கூடத் தமிழ்த் தரப்புக்கு இல்லாத சூழல் அது.

1983 ஆகஸ்டிலும் நவம்பரிலும் கொழும்பிலும், காமன்வெல்த் மாநாட்டையொட்டித் தில்லியிலும் நடந்த பேச்சுகளின் விளைவே ‘இணைப்பு சி’. ஒரு மாகாணத்துக்குள் உள்ள மாவட்ட அபிவிருத்திச் சபைகள் விரும்பினால் பிராந்திய சபையாக இணையலாம்; சபையில் பெரும்பான்மை பெற்ற கட்சியின் தலைவரை முதலமைச்சராக ஜனாதிபதி நியமிப்பது மரபாக ஏற்கப்படும்; சட்டம் ஒழுங்கு, நீதி நிர்வாகம், காணிக் கொள்கை, பண்பாடு, சமூக பொருளாதார வளர்ச்சி ஆகியவற்றில் சபை சட்டமியற்றும்; பிராந்தியந்தோறும் உயர் நீதிமன்றமும் பொதுச்சேவை ஆணைக்குழுவும் அமையும்; திருகோணமலைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ் இருக்கும். இச்சொற்களை இந்திய அரசியலமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றின் மூலம் எது என்பது மறைவதில்லை. கூட்டாட்சி என்ற சொல் இல்லை. மாநிலத்தின் உறுப்புகள் ஏறத்தாழ எல்லாம் உள்ளன.

மிக நுட்பமானது இரண்டாவது விதி. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மாவட்டச் சபைகள் உறுப்பினர்களின் பதவி விலகலால் செயல்படாமல் இருந்தன. இதனையே காரணமாகக் காட்டி, ‘ஒவ்வொரு மாகாணத்துக்குள்ளும்’ அவற்றின் இணைப்பு ஏற்கப்பட வேண்டும் என்கிறது அவ்விதி. வடக்கும் கிழக்கும் ஒன்றாகுமா என்ற அடிப்படை வினா இதனால் ஒத்திவைக்கப்பட்டது. 1974-இல் தீராத பிரச்சினை தீராதது என்றே எழுதப்பட்டது. 1983-இல் அது எழுதப்படாமல் விடப்பட்டது.

ஆவணத்தில் எவருடைய கையெழுத்தும் இல்லை. 1984 சனவரி 10 அன்று தொடங்கிய சர்வகட்சி மாநாட்டில் அது பேச்சுக்கான அடிப்படையாக வைக்கப்பட்டபோது, அரசின் முன்மொழிவு எனச் சொல்லி அதற்காக வாதாட ஜயவர்த்தன முன்வரவில்லை. மகாசங்கத்தின் எதிர்ப்பு வலுத்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி மாநாட்டை விட்டு விலகியது. ஆண்டின் இறுதியில், பிராந்திய சபைகளுக்குப் பதிலாக மாவட்டச் சபைகளும் நாடாளுமன்றத்தில் இரண்டாவது அவையும் கொண்ட வரைவு முன்வைக்கப்பட்டது; கூட்டணி அதனை ஏற்கவில்லை. ஏற்கும்போது இழப்பின்றி ஏற்கவும், மறுக்கும்போது இழப்பின்றி மறுக்கவும் இடம் தந்தது கையெழுத்தின்மையே.

இதனைத் தூதரின் பிழை என்று தீர்ப்பது எளிது. கையெழுத்து கேட்கப்பட்டிருந்தால் ஜயவர்த்தன இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார். ஆவணமே இல்லாதிருந்தால் கூட்டணி மாநாட்டுக்குள் நுழைந்திருக்காது. வியட்நாமில் இத்தகைய ஏற்பாட்டின் விளைவை அருகிருந்து கண்டவர், வேறு வழி இல்லாத நிலையில்தான் இதனைத் தேர்ந்தார் என்று கொள்வதே பொருந்தும். அவர் நம்பியிருந்தது தில்லியின் தொடர்ந்த அழுத்தத்தை. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் அதன் தன்மை மாறியது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதாலேயே கொழும்பில் அவர்மீது ஐயம் நிலவியது. 1985-இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் இலங்கைப் பேச்சுகள் வெளியுறவுச் செயலர் ரோமேஷ் பண்டாரியிடம் சென்றன.

1987 சூலை 29 அன்று உருவான இந்திய இலங்கை உடன்படிக்கையில் கையெழுத்துகள் இருந்தன. அவை ராஜீவ் காந்தியுடையதும் ஜயவர்த்தனவுடையதும் மட்டுமே. தமிழ் அமைப்புகள் எதுவும் அதில் ஒப்பமிடவில்லை. அதனைத் தொடர்ந்த பதின்மூன்றாவது திருத்தத்தில் முதலமைச்சர், மாகாண மேல் நீதிமன்றம், மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு ஆகியவை இடம்பெற்றன. உடன்படிக்கை தற்காலிகமாக ஒன்றாக்கிய வடக்கையும் கிழக்கையும் 2006 அக்டோபரில் இலங்கை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு மீண்டும் பிரித்தது. 1983-இன் இரண்டாவது விதியில் எழுதப்பட்டிருந்ததும் அந்த இரு மாகாண எல்லைகளே.