கருத்தடையும் கருக்கலைப்பும்: ஒரு மாத்திரையும் அதன் பெயர்களும்

அவசரகாலக் கருத்தடை மாத்திரையை இந்தியாவில் 2005 முதல் மருத்துவச் சீட்டின்றியே வாங்கலாம். ஆயினும் அதனைக் கருக்கலைப்பு மாத்திரை என்று எண்ணுவோர் கற்றவர்களிடையேயும் உண்டு. இவ்வெண்ணம் எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு அம்மாத்திரையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1960-களில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்லீன் மோரிஸும் கெர்ட்ரூட் வான் வேகனனும், உறவுக்குப் பின் அளிக்கப்படும் மிகுந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கர்ப்பத்தைத் தவிர்ப்பதைக் காட்டினர். ஐந்து நாள் நீண்ட அம்முறை கடும் குமட்டலை உண்டாக்கியது. இதழ்கள் அதற்கு ‘மறுநாள் காலை மாத்திரை’ என்று பெயரிட்டன. கனடாவின் ஆல்பர்ட் யூஸ்பே 1970-களில் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டோஜனையும் இணைத்து, 12 மணி நேர இடைவெளியில் இரு வேளை உட்கொள்ளும் முறையை வெளியிட்டார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு ஆய்வு, லெவோநார்ஜெஸ்ட்ரல் தனித்தே யூஸ்பே முறையினும் சிறந்தது என்று நிறுவியது. எதிர்பார்க்கத்தக்க கர்ப்பங்களுள் முதல் 24 மணி நேரத்திற்குள் உட்கொண்டால் 95 விழுக்காடும், 49 முதல் 72 மணி நேரத்திற்குள் உட்கொண்டால் 58 விழுக்காடும் தவிர்க்கப்பட்டன. ஆகவே ‘மறுநாள் காலை’ என்னும் பெயர் இருவகையில் பிழையானது: காலைவரை காத்திருக்க வேண்டியதில்லை, காலை கடந்துவிட்டதென்று கைவிடவும் வேண்டியதில்லை.

மாத்திரை செயற்படும் விதம் எளியது. சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதற்கு முன் எல்.எச். என்னும் ஹார்மோன் பெருகும். அப்பெருக்கை லெவோநார்ஜெஸ்ட்ரல் தடுத்து, முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் அதனால் பயனில்லை. உண்டாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைப்பதுமில்லை. ஆனால் கரு கருப்பையில் பதிவதையும் இது தடுக்கக்கூடும் என்னும் வாசகம் அமெரிக்க உறைகளில் நெடுங்காலம் இருந்தது. 2022 டிசம்பரில்தான் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனை நீக்கியது.

இந்தியாவில் குழப்பத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. இம்மாத்திரை 2002-இல் தேசியக் குடும்பநலத் திட்டத்தில் இடம்பெற்றது. உண்மையிலேயே கருக்கலைப்புக்குப் பயன்படும் மிஃபெப்ரிஸ்டோன் அனுமதி பெற்றதும் அதே ஆண்டில்தான். பின்னது 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்திற்கு உட்பட்டு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே தரத்தக்கது. ஒரே காலத்தில் வந்த இரு மருந்துகள் பொதுப்பேச்சில் ஒன்றாயின. மொழியும் இதற்குத் துணைபோயிற்று: கருத்தடை, கருக்கலைப்பு என்னும் இரு சொற்களும் ‘கரு’ என்றே தொடங்குகின்றன. ‘கருத்தடை’ என்பதில் தடுக்கப்படுவது கரு உருவாதல். அங்குக் கலைப்பதற்குக் கரு இல்லை. இந்தியிலும் இரு சொற்களுக்கும் ‘கர்ப்ப’ என்பதே முற்பகுதி.

இக்குழப்பத்தின் விலையைச் செலுத்துவோர் பெண்கள். 2011-இல் தொடங்கிய திட்டப்படி ஆஷா பணியாளர்கள் ஒரு மாத்திரையை 2 ரூபாய்க்கு வீட்டிலேயே தரலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு இதனை அளிக்க வேண்டுமென்று நடுவணரசின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. எனினும் தமிழ்நாட்டில், சட்டத்தடை இல்லாதபோதும், பல மருந்துக்கடைகளில் இது கிடைப்பதில்லை. கடை கடையாக அலையும் ஒவ்வொரு மணி நேரமும் மாத்திரையின் பயனைக் குறைக்கிறது.

எனவே வரலாற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை சில. 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக உட்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒன்று தேவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இதன் ஆற்றலைக் குறைக்கும். அவற்றை உட்கொள்வோர் மருத்துவரை அணுக வேண்டும். ஐந்து நாளுக்குள் பொருத்தப்படும் காப்பர்-டி இதனினும் பயன் மிக்கது. மாத்திரைக்குப் பிந்திய உறவுகளுக்கு இது பாதுகாப்பன்று. பால்வினை நோய்களையும் தடுக்காது. மாதவிடாய் ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை அவசியம். இது மலட்டுத்தன்மையை உண்டாக்காது. ஆனால் வழக்கமான கருத்தடை முறைகளைவிடப் பயன் குறைந்ததாதலால் அவற்றுக்கு மாற்றாகாது.

பாடநூலிலும் வகுப்பறையிலும் இவ்விரு சொற்களையும் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நம் போன்றோர் உடனே செய்யக்கூடிய பணி.