ஒருசாலை மாணாக்கர்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில், தென்காசியை அடுத்து நாம் வாழும் குத்துக்கல்வலசையிலும் வீட்டுக்கு வீடு அதே பேச்சுத்தான். மதிப்பெண் மிகுந்த பிள்ளையின் வீட்டில், "இரவு பகல் பாராமல் படித்தான்" என்பர். குறைந்த பிள்ளையின் வீட்டிலோ, "வகுப்பு சரியில்லை, சேர்க்கை கெடுத்துவிட்டது" என்பர். வெற்றி தன்னால், தோல்வி பிறரால் என்னும் இக்கணக்கு நேர்மையானதன்று. எனினும் உடன் பயில்வோரால் ஒருவனது கல்வி உயர்வதும் தாழ்வதும் உண்மையே. இதனை முன்னோர் எவ்வாறு கண்டனர் என்று பார்ப்போம்.

நல்ல தோழரைக் கஸ்தூரி விற்பவருக்கும், தீய தோழரைக் கொல்லனின் துருத்திக்கும் ஒப்பிட்டனர் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள். ஹிதாயா ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் ஸர்னூஜி (ரஹ்), தம் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூலில், உஸ்தாதைத் தேர்வது போன்றே சகபாடியையும் தேர்ந்துகொள்ளுமாறு கூறுகிறார். முயற்சியுடையவனை நாடவும் சோம்பேறியை விலக்கவும் அறிவுறுத்துகிறார். 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களோ, துனீசில் 5 ஆண்டுகளாக இருந்த மதரஸாக் கல்வி மக்ரிபில் 16 ஆண்டுகளாக நீண்டதைக் குறிப்பிடுகிறார். பாடத்தில் வாய் திறவாது, தம்முள் விவாதியாது மாணவர் அமர்ந்திருந்ததே அதற்குக் காரணம் என்பது அவர் முடிவு.

தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியரிடம் கேட்டு அடைவது கால் பங்கு. உடன் கற்பாரோடு பயின்று அடைவது மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. அப்படியாயின், கேட்டுக்கொள்ள ஒருவன் அருகில் இல்லையேல் கெட்டிக்காரனின் கல்வியும் அரைகுறையே அன்றோ?

சென்னை எழும்பூரில் இவ்வுண்மை செயலில் விளங்கியது. 1789இல் அங்கிருந்த ராணுவத்தார் அநாதை ஆண்பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியில் புகுத்த விழைந்தார். ஆசிரியர் இணங்கவில்லை. எனவே ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறை 'சென்னை முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை இது!

1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் சுமார் 6 லட்சம் மாணவரை ஆராய்ந்து அறிக்கை தந்தனர். வசதியும் கல்வியும் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளே சகபாடிகளால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர். நல்ல பின்னணியுடைய பிள்ளைகளை அது அவ்வளவாகத் தீண்டுவதில்லை என்று அது கண்டது. ஆகவே, நல்ல துணையால் அதிகம் பெறுபவன் எளியவனே. அத்துணையை இழந்தால் அதிகம் கெடுபவனும் அவனே.

இங்குதான் நம் கவலை பிறக்கிறது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட விரும்பும் நிர்வாகங்கள் சில, பின்தங்கிய பிள்ளைகளைப் பொதுத் தேர்வுக்கு முன்பே விலக்கப் பார்க்கின்றன. தமிழக அரசு 2017 முதல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது நன்றே. ஆனால் பெற்றோர் மனத்தில் அவ்வரிசை இன்னும் நிற்கவில்லை.

இமாம் ஸர்னூஜி விலக்கச் சொன்னது சோம்பலை. மெல்லக் கற்பவனை அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம் பிழை. "யாருடன் சேர்ந்து படிக்கிறாய்?" என்று பிள்ளையைக் கேட்கும் பெற்றோர், "யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய்?" என்றும் கேட்கட்டும். கேட்பவனுக்கு ஒரு கால், சொல்பவனுக்கு அரை. இருவரும் தோற்காத வாணிபம் இது. அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும் நல்ல தோழமையையும் அருள்வானாக!